சொல்லும் மரமும்: பினாங்கு இளையோர்க்கு இயற்கைக் கல்வி

பினாங்கு என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயராகும். மலாய் மொழியில் பினாங் என்பது கமுகு. கமுகு வளர்ந்த தீவு புலாவ் பினாங் ஆயிற்று. இத்தீவின் தலைநகரம் தோன்றிய இடத்துக்கும் ஒரு மரமே பெயர் தந்திருந்தது. 1786ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனையை அக்காலத்தில் தஞ்சோங் பெனாகா என்று வழங்கினர். தஞ்சோங் என்பது கடலை நோக்கி நீண்ட நிலமுனை. பெனாகா என்பது கடற்கரையில் தழைத்து, வெண்ணிறப் பூவும் உருண்டைக் காயும் தாங்கி நிற்கும் மரம். தாவர நூலார் அதனைக் காலோபில்லம் இனோபில்லம் என்பர். தமிழர் அதனைப் புன்னை என்பர்.

ஆகவே ஜார்ஜ்டவுன் நகரம் எழுந்தது புன்னைமுனையில் எனலாம். அம்முனையில் இருந்த காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது, லைட் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுடுவித்தார் என்றும், காசைத் தேடிச் சென்றோர் மரங்களை வெட்டிக்கொண்டே சென்றனர் என்றும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதை மெய்யோ பொய்யோ, காடு போனது மெய். காட்டோடு அதன் பெயரும் மக்கள் வாயிலிருந்து மறைந்தது.

மறையாத பெயர்களும் பல உள. ஜெலுத்தோங் என்பது பால் வடியும் ஒரு நெடுமரம். குளுகோர் என்பது குழம்புக்குப் புளிப்பூட்டும் காய் தரும் மரம். நம் கொடம்புளிக்கு உறவு. சுங்கை ஆரா என்பதில் உள்ள ஆரா, அத்தியும் ஆலும் சேர்ந்த இனம். பெர்மாத்தாங் பாவ் என்பதில் உள்ள பாவ், மாமரத்தின் உறவு. நிபோங் தெபாலில் உள்ள நிபோங், முள் நிறைந்த ஒரு பனையினம். பேருந்தில் ஏறி ஊர்ப்பெயர்களை வரிசையாகப் படித்தாலே பினாங்கு மாநிலத்தின் பழங்காடு கண்முன் நிற்கும்.

இவ்வூர்களில் வாழும் தமிழ் மாணவன் ஒருவனை அழைத்து, "நெய்தல் நிலத்து மரம் யாது?" என்று வினவுவோம். "புன்னை" என்று தயங்காமல் விடை கூறுவான். அவனையே ஒரு புன்னையின் நிழலில் நிறுத்தி, "இஃது என்ன மரம்?" என்று கேட்டால் விழிப்பான். அவனிடம் சொல் இருக்கிறது; மரம் இல்லை. இயற்கை நிலையத்தில் அவனுக்கு மரத்தைக் காட்டும் வழிகாட்டியோ மலாய்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் கூறுவார். அங்கே மரம் இருக்கிறது. அவன் படித்த சொல் இல்லை. சொல்லும் மரமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று காணாமலே வாழ்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் பணியே இக்கட்டுரையின் பொருள்.

நிலையமும் அதன் நோக்கமும்

இயற்கை நிலையம் என்பது விலங்குகளைக் கூண்டில் அடைத்துக் காட்டும் இடம் அன்று. பூக்களை அழகுக்காக அடுக்கி வைத்த பூங்காவும் அன்று. ஒரு நிலப்பகுதியின் மண், நீர், மரம், உயிர், மக்கள் ஆகியவற்றுக்குள்ள உறவை, அந்நிலத்திலேயே நின்று கற்பிக்கும் இடம் அது.

இத்தகைய கல்வியின் நோக்கங்களை உலக நாடுகள் கூடி வகுத்தது 1977ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆகும். யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, அந்நாளைய சோவியத் ஒன்றியத்தைச் சார்ந்த சியார்சியாவின் திபிலிசி நகரில் அம்மாநாட்டைக் கூட்டின. விழிப்பு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என ஐந்து படிகள் அங்கே கூறப்பட்டன. மாணவர்களை ஒரு நாள் பேருந்தில் ஏற்றிச் சென்று, நிழற்படம் எடுத்து, உணவளித்துத் திரும்புவது முதற்படியையும் முழுதாக எட்டுவதில்லை. மற்ற நான்கு படிகளையும் ஏறுவதற்கு ஒருவர் திட்டமிட்டுப் பாடுபட வேண்டும். அவரையே ஒருங்கிணைப்பாளர் என்கிறோம்.

பினாங்கில் இதற்கு இடப் பஞ்சம் இல்லை. 1884ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் என்பாரின் பொறுப்பில் தொடங்கிய தாவரவியற் பூங்கா அருவியின் அடியில் உள்ளது. அவ்விடத்துக்குத் தமிழர் வைத்த பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்தில் காவடி ஏந்திச் செல்வோர் அனைவரும் அப்பெயரை அறிவர். பினாங்குக் கொடிமலையின் உச்சியில், 2016ஆம் ஆண்டு முதல் 'தி ஹேபிடாட்' என்னும் காட்டு நிலையம் இயங்கி வருகிறது. மரமுடிகளின் உயரத்தில் அங்கே நடக்கலாம். தெலுக் பகாங்கில் 2003ஆம் ஆண்டு அமைந்த தேசியப் பூங்காவில் காடும் கடலும் கைகோத்து நிற்கின்றன. அங்குள்ள கெராச்சுட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. பெருநிலப் பகுதியில் நிபோங் தெபாலை அடுத்த சுங்கை ஆச்சேயில், பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் கண்டற்காட்டுக் கல்வி நிலையம் ஒன்றை நடத்துகின்றனர். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், கொடிமலையைச் சூழ்ந்த 12,481 எக்டர் நிலமும் நீரும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பிடமாக ஏற்கப்பட்டன. அவ்வாறு ஏற்கப்படும் இடங்கள் ஆற்ற வேண்டிய கடமைகளுள் கல்வியும் ஒன்று.

இம்மாநிலத்தில் இயற்கையைக் காக்கும் உணர்ச்சிக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பும் புதியதன்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய எசு. எம். முகமது இத்ரீசு (1926–2019) தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அச்சங்கமும், அதனோடு இணைந்து வளர்ந்த 'சகாபாட் அலாம் மலேசியா' என்னும் இயற்கைத் தோழர் அமைப்பும், கரையோர மீனவர்களின் கண்டல் நடும் முயற்சிக்குத் துணை நின்றன.

இடம் உண்டு, உணர்ச்சியும் உண்டு, மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. இவற்றை இணைக்கும் கயிறே வேண்டும்.

மூன்று நாட்காட்டிகள்

ஒருங்கிணைப்பாளரின் மேசையில் மூன்று நாட்காட்டிகள் இருத்தல் வேண்டும். முதலாவது பள்ளியின் நாட்காட்டி. தேர்வும் விடுமுறையும் விளையாட்டு விழாவும் அதில் அடங்கும். இதனை எல்லாரும் பார்க்கின்றனர்.

இரண்டாவது கடலின் நாட்காட்டி. பினாங்குக் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி, இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அவ்வேளை ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். முழுமதியை ஒட்டியும் மறைமதியை ஒட்டியும் ஏற்றமும் வற்றமும் மிகும். ஆகவே சதுப்புக்காட்டைக் காணச் செல்லும் நாளைப் பள்ளி மணி தீர்மானித்தல் இயலாது, நிலவே தீர்மானிக்கும். இதனை அறியாது சென்றால், நண்டு ஊரும் சேற்றைக் காணும் ஆவலோடு சென்ற மாணவர் வெறும் நீரைக் கண்டு திரும்புவர்.

மூன்றாவது மரத்தின் நாட்காட்டி; மழையும் பூவும் காயும் அதில் அடங்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் மழை மிகுதி. சனவரி, பிப்ரவரியில் குறைவு. மலைக்காட்டில் பிற்பகலில் இடி மின்னல் வருதல் இயல்பு. ஆதலின் காட்டு நடை முற்பகலில் முடிதல் வேண்டும். இம்மூன்று நாட்காட்டிகளும் ஒத்துவரும் நாளைத் தேர்ந்தெடுப்பதே ஒருங்கிணைப்பின் முதல் வேலை.

அதன்பின் சிறு வேலைகள் பல. ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரம் முன்னதாகவே வழியைத் தாமே நடந்து பார்க்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதற் கடிதம், ஒவ்வாமை உடையோர் பட்டியல், மருந்துப் பெட்டி, குடிநீர், மாற்றுடை, சேற்றில் கழன்று போகாத காலணி ஆகியவற்றை மறத்தலாகாது. பத்துப் பன்னிருவர்க்கு ஒரு பெரியவர் என்னும் அளவு நன்று; நாற்பது பேர் ஒரே கூட்டமாகச் சென்றால் முன்னே செல்வோர் மட்டுமே காண்பர், பின்னே வருவோர் முதுகையே காண்பர். சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்குப் பேருந்துக் கூலி பெருந்தடை. அண்டையிலுள்ள இரு பள்ளிகள் ஒரு பேருந்தைப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். மாணவர்க்குப் புதிய நட்பும் கிட்டும்.

சுங்கை ஆச்சேயில் ஒரு காலை

முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். கண்டற்காட்டுக்குச் செல்லும் ஒரு காலையைக் காண்போம்.

செல்வதற்கு முன் வகுப்பறையில் ஒரு பாடம். தொல்காப்பியத்து மரபியல் உயிர்களைப் புலன் வகையால் ஆறாகப் பகுக்கிறது. உற்றறிவது மட்டும் உடையன புல்லும் மரமும். நாவும் உடையன நந்து முதலியன. மூக்கும் உடையன சிதலும் எறும்பும். கண்ணும் உடையன நண்டும் தும்பியும். செவியும் உடையன விலங்கும் பறவையும். மனமும் உடையர் மக்கள். இதனைத் தமிழாசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறார். இவ்வாறினையும் ஒரே இடத்தில் அரைமணி நேரத்தில் காட்டவல்ல இடம் கண்டற்காடு. மரம் உண்டு, அதன் வேரில் நத்தையும் சிப்பியும் உண்டு, பட்டையில் எறும்பு உண்டு, சேற்றில் நண்டு உண்டு, கிளையில் மீன்கொத்தி உண்டு, பார்க்கும் சிறுவனும் அங்கே உண்டு.

சேற்றங்கரையில் நின்றதும் முதல் ஐந்து நிமிடம் பேச்சு வேண்டா. பேரோசை கேட்டு வளைக்குள் ஒளிந்த நண்டுகள் அமைதி கண்டு மெல்ல வெளிவரும். ஆண் நண்டுகளுள் ஒருவகைக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குச் சமமாகப் பெருத்திருக்கும். அதனை உயர்த்தி உயர்த்திக் காட்டும். "இது ஏன் கையசைக்கிறது?" என்று ஒரு சிறுமி கேட்பாள். விடையை உடனே கூறலாகாது. "எத்தனை முறை அசைக்கிறது, எதன் எதிரே அசைக்கிறது, எண்ணிப் பார்" என்று கூறுதல் வேண்டும். பிரீமன் டில்டன் என்னும் அமெரிக்கர், இயற்கை விளக்கக் கலையைப் பற்றி 1957ஆம் ஆண்டு எழுதிய நூலில், சிறுவர்க்குச் சொல்வது பெரியோர்க்குச் சொல்வதன் சுருக்கமாக இருத்தல் கூடாது, அதற்குத் தனி முறை வேண்டும் என்னும் கொள்கையை நிறுவினார். எண்ணுதலும் வரைதலும் தொட்டறிதலும் அத்தனி முறையின் உறுப்புகளாம்.

அடுத்து மரம். பாக்காவ் என மலாய்க்காரர் வழங்கும் மரம் தாங்குவேர்களை ஊன்றி, பல கால்கள் உடையது போல நிற்கும். அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு தொங்கி, பின் சேற்றில் விழும். இவ்வினத்தையே நம் நெய்தற் பாடல்கள் கண்டல் என்று கூறும். அருகில் அப்பி-அப்பி என்னும் மரம். நாம் வெண்கண்டல் என்போம். அதன் வேர்கள் சேற்றிலிருந்து விரல்கள் போல மேல்நோக்கி எழுந்து காற்றை வாங்கும். கரைப்பக்கத்தில் வளரும் ஒரு மரத்தை மலாய்க்காரர் பூத்தா-பூத்தா என்பர். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குத் தீங்கு. அதைத் தொடாதீர் என்று வழிகாட்டி எச்சரிப்பார். அம்மரத்தின் தமிழ்ப் பெயர் தில்லை! சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அதுவே. அவ்வூரை அடுத்த பிச்சாவரத்துச் சதுப்பில் அஃது இன்றும் வளர்கிறது. தேவாரம் பாடும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், தன் நாவில் நாள்தோறும் புரளும் ஒரு சொல்லின் பொருளை நிபோங் தெபாலில் கண்ணாற் காண்பது எத்துணைப் பெரிய கல்வி! அதனை ஊட்டுதற்குத் தமிழாசிரியர் உடன் இருத்தல் வேண்டும். மீனவர் பெரியவர் ஒருவர்க்கு அம்மரத்தின் குணம் தெரியும். அதன் தமிழ்ப் பெயர் தெரியாது. ஆசிரியர்க்குப் பெயர் தெரியும், குணம் தெரியாது. இருவரையும் ஒரே மரத்தடியில் நிறுத்துபவரே நல்ல ஒருங்கிணைப்பாளர்.

திரும்பும் முன், இக்காடு மனிதர்க்கு என்ன செய்கிறது என்பதையும் அம்மீனவர் வாயாலேயே கேட்க வேண்டும். இறாலும் மீனும் இவ்வேர்களிடையே குஞ்சு வளர்க்கின்றன. அலையின் வேகத்தை இவ்வேர்கள் தணிக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மலேசியக் கரையில் 68 உயிர்களைக் கொண்டது. அவருள் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தவர். கரைக்காடு வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் பலர்க்கும் வந்தது. சுங்கை ஆச்சே மீனவர்களோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நாற்றைக் கையில் எடுத்திருந்தனர்.

குரங்கும் முசுவும்

தண்ணீர்மலைப் பூங்காவில் மாணவர்களை முதலில் ஈர்ப்பவை குரங்குகளே. எல்லாவற்றையும் குரங்கு என்று ஒரே சொல்லால் அழைத்து, கையிலிருக்கும் தின்பண்டத்தை நீட்டுவர். தொல்காப்பியர் அவ்வாறு ஒரே சொல்லால் அழைக்கவில்லை. குரங்கு, முசு, ஊகம் என மூன்றை வேறு பிரித்துக் கூறி, இம்மூன்றன் பெண்ணையும் மந்தி என்று வழங்குதல் மரபு என்றார். இம்மரபியற் செய்தி பூங்காவில் உயிர் பெறுகிறது. அங்கே இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று கெரா எனப்படும் நீள்வாற் குரங்கு. பழம், நண்டு, மனிதர் எறிந்த சோறு எதையும் உண்ணும். மற்றொன்று லோத்தோங் எனப்படும் இலையுண்ணி. கண்ணைச் சுற்றி வெண்வளையம், சாம்பல் நிற உடல், கூச்சம் மிகுந்த இயல்பு. இதனை முசு என்னும் இனத்தோடு சேர்த்துக் காட்டலாம். இதன் குட்டி பிறக்கும்போது பொன்னிறமாக இருந்து, சில திங்களில் நிறம் மாறும்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. இலையுண்ணியின் இரைப்பை பல அறைகளாக அமைந்து, இலையை நொதிக்கச் செய்து செரிப்பது. ரொட்டியும் இனிப்பும் அதற்குக் கேடு. நீள்வாற் குரங்குக்கு உணவிட்டால் அது மனிதரை அஞ்சாது பறிக்கத் தொடங்கும். பின் அதனைத் தொல்லை என்று பிடித்து அகற்றுவர். இரக்கத்தால் நீட்டிய கையே அதற்குக் கேடாக முடிகிறது. பெயரைப் பிரித்து அறிந்த சிறுவன் இயல்பைப் பிரித்து அறிவான். இயல்பை அறிந்தவன் தின்பண்டத்தைப் பைக்குள் வைப்பான். அறிவு ஒழுக்கமாக மாறும் இடம் இதுவே.

இளையோர் இதற்கு மேலும் செய்ய இயலும் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. இலையுண்ணிகளை ஆராயும் 'லங்கூர் புரொஜெக்ட் பினாங்' என்னும் குழு, பொதுமக்களுக்கும் மாணவர்க்கும் பயிற்சி அளித்து, அவை எவ்விடத்தில் சாலையைக் கடக்கின்றன என்பதைக் குறித்து வந்தது. அதன் பயனாக 2019ஆம் ஆண்டு தெலுக் பகாங்கில் சாலைக்கு மேலே ஒரு மரமுடிப் பாலம் கட்டப்பட்டது. பயன்படுத்திக் கழித்த தீயணைப்புக் குழாய்களே அப்பாலத்தின் கயிறுகள். பொறுமையாக உற்றுப் பார்த்து எழுதிய குறிப்பு, விலங்கு நடந்து போகும் பாலமாயிற்று அன்றோ?

பெயரிடுவதில் ஓர் எச்சரிக்கை

தமிழ்ப் பெயரைச் சேர்ப்பதில் ஆர்வம் மிகும்போது பிழையும் நுழையும். பினாங்குச் சாலைகளில் அங்சானா என்னும் மரம் பூத்து, ஒரே நாளில் மஞ்சட் பூக்களை நிலத்தில் விரித்துவிடும். அதனைக் காணும் தமிழர்க்குக் குறிஞ்சி நிலத்து வேங்கை நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டும் ஒரே பேரினம். ஆயினும் வேறு சிற்றினங்கள். "வேங்கையின் உறவு" என்று கூறுதல் முறை. "வேங்கை" என்று கூறுதல் பிழை. தாவரவியற் பூங்காவில் புகழ்பெற்ற நாகலிங்க மரத்தைத் தமிழர் கோயில் மரமாகவே எண்ணுவர். அதன் தாயகம் தென்னமெரிக்கா. தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. தமிழ்ப் பெயர் உள்ளமையாலேயே ஒரு மரம் தமிழகத்து மரம் ஆகிவிடாது. மரங்களும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்து குடியேறியவையே என்று இதனையும் ஒரு பாடமாக்கலாம்.

இன்னொன்று. முன்னோர் கூறியது அனைத்தும் இன்றைய அறிவியலே என்று நிறுவ முயல்வதும் மாணவர்க்கு நன்மை பயவாது. நத்தைக்குக் கண் உண்டு, மோப்பமும் உண்டு என்பதை இன்று அறிவோம். சிலவகை நண்டுகள் நிலத்தைத் தட்டி எழுப்பும் அதிர்வைப் பிற நண்டுகள் கால்களால் உணர்கின்றன என்பதையும் அறிவோம். ஆகவே, "நண்டு செவியற்றது என்று தொல்காப்பியர் கொண்டார், அஃது உண்மையா? எவ்வாறு சோதிப்பாய்?" என்று கேட்பதே நேரிய முறை. அவ்வினாவினால் தொல்காப்பியர்க்குச் சிறுமை இல்லை. உயிர்களை உற்று நோக்கி வகைப்படுத்த வேண்டும் என்று அத்துணைப் பழங்காலத்தில் எண்ணினாரே, அப்பெருமை ஒன்றே போதும். அவர் தொடங்கிய பணியைத் தொடர்பவனே அவருக்கு ஏற்ற மாணவன்.

ஒவ்வொரு மரத்துக்கும் மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர், தாவரநூற் பெயர் ஆகிய மூன்றும் கொண்ட பட்டியலை நிலையமும் பள்ளியும் சேர்ந்து உருவாக்குதல் நலம். மலாய்ப் பெயரை விடலாகாது. இம்மண்ணில் இம்மரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த மக்களின் அறிவு அதில் உள்ளது. பூத்தா-பூத்தா என்னும் பெயரிலேயே எச்சரிக்கை அமைந்திருப்பதைக் கண்டோம் அல்லமோ?

திரும்பிய பின்

பேருந்து பள்ளிக்குத் திரும்பியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அப்போதுதான் பாதி முடிகிறது. மறுநாள் வகுப்பில் மாணவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, கண்டதை எழுத வேண்டும். கண்டதை எழுதுபவன் "அழகிய இயற்கைக் காட்சி" என்று எழுதமாட்டான். "ஓதம் ஏறியபோது நத்தை வேரின்மேல் ஏறியது" என்று எழுதுவான். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த வழி ஏது?

அடுத்துத் தொடர்ச்சி. நாற்று நடும் விழாக்களில் எத்தனை நாற்று நட்டோம் என்பதை எண்ணுகிறோம். எத்தனை பிழைத்தன என்பதை எண்ணுவதில்லை. பிச்சாவரத்தில் முன்பு மரங்களை முற்ற வெட்டிய இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, கண்டல் முளையாத நிலமாயின. எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பின்னரே காடு மீண்டது. நீர் வழியை அறியாது நாற்றை மட்டும் நடுவது பயனற்றது என்பதே அதன் பாடம். ஆறு திங்கள் கழித்து அதே மாணவர் அதே சேற்றுக்குச் சென்று, தாம் நட்டவற்றுள் நின்றவை எத்தனை, அழிந்தவை எத்தனை, ஏன் அழிந்தன என்று எழுதினால், திபிலிசியில் வகுத்த ஐந்து படிகளும் ஏறியவர் ஆவர்.

சென்னையில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவை ஈண்டு நினைவு கூரலாம். ஆண்டின் முதல் நான்கு திங்கள்களில் இளைஞர்கள் இரவு நேரத்தில் கடற்கரை மணலில் நடந்து, ஆமை முட்டைகளைப் பாதுகாப்பிடத்துக்குக் கொண்டு சென்று, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர். மாணவர் படித்து முடித்து வெளியேறுகின்றனர், புதியோர் வருகின்றனர், நடை மட்டும் நிற்கவில்லை. பழையவர் புதியவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு இருப்பதே அதன் காரணம். ஒரு நிகழ்ச்சி தன் ஒருங்கிணைப்பாளரை நம்பி மட்டும் நின்றால் அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் அதுவும் சாயும். ஆறாம் ஆண்டு மாணவன் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குக் குறிப்பேட்டை ஒப்படைக்கும் வழக்கம் இருந்தால் அது நிலைக்கும்.

நாம் செய்யத்தக்கது

மலேசியத் தமிழ்க் கல்வி தன் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கில் நிறுவப்பட்ட ப்ரீ ஸ்கூலிலிருந்து எண்ணுகிறது. நெடுங்காலமாக நாம் இத்தீவில் ஐந்திணையைக் கற்பித்து வருகிறோம். அவ்வைந்திணையுள் குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் உரிய நிலங்கள் நம் சாளரத்துக்கு வெளியே இருந்தன. கொடிமலை குறிஞ்சியை ஒத்தது. சுங்கை ஆச்சே நெய்தலை ஒத்தது. ஆனால் நாம் சாளரத்தைத் திறக்கவில்லை.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஒருவர் ஓர் அரைநாள் இயற்கை நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள வழிகாட்டியோடு நடந்து, தம் பாடநூலில் வரும் மரம், பறவை, விலங்குகளுள் எவை அங்கு உள்ளன என்று குறித்து வந்தால் போதும். அப்பட்டியலே முதற் பாலம். அதன்மேல் மாணவர் நடப்பர்.

புன்னையின் காய் கடலில் மிதந்து கரை சேரும் இயல்புடையது. கடற்கரையில் ஒதுங்கிய காயை எடுத்து, ஓட்டை மெல்ல உடைத்து மண்ணில் ஊன்றினால் முளைக்கும். அதன் வித்திலிருந்து எடுத்த எண்ணெயால் நம் முன்னோர் விளக்கேற்றினர். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் வளாகத்திலும் மாணவர் கையால் முளைக்க வைத்த ஒரு புன்னை நிற்கட்டும். நெய்தற் பாடல் நடத்தும் நாளில் வகுப்பை அதன் நிழலுக்கு மாற்றுவோம். புன்னைமுனையில் எழுந்த நகரத்தில், புன்னை யாது என்று கேட்டால், நம் பிள்ளைகள் ஏட்டைப் புரட்டாமல் கையை நீட்டிக் காட்டும் நாள் அப்போது வரும்.